காட்டுக் குதிரைவாலி

எக்கினோக்ளோவா கொலோனா என்னும் அறிவியல் பெயர் கொண்ட இவ்வொருபருவப் புல், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் மானாவாரியாக விளையும் குதிரைவாலியின் காட்டு மூதாதையாகும். 1759இல் லின்னேயசு இதனைப் பனிக்கம் பேரினத்தில் வைத்து விவரித்தார். 1833இல் லிங்க் இன்றைய பேரினத்திற்கு மாற்றினார்.

இலையுறையும் இலைத்தாளும் சேருமிடத்தில் புற்களுக்குப் பொதுவாக உள்ள சிறு சவ்வாகிய இலைநா இதற்கு இல்லை என்பதே உறுதியான அடையாளமாகும். கண்மாய்ப் பாசன வயல்களில் நெல் நாற்றோடு நாற்றாக மறைந்து நிற்கும் இதனைக் களையெடுப்போர் பிரித்தறிய அதுவே உதவுகிறது. சில செடிகளின் இலைகளில் குறுக்காக ஊதாப் பட்டைகள் ஓடும். குட்டையான கிளைக்கதிர்களில் கூர்நீட்சியற்ற சிறுகதிர்கள் ஏறத்தாழ நான்கு வரிசையாக நெருங்கி அமையும். பயிர்க் குதிரைவாலியின் கதிரோ தடித்துத் திரண்டது. அதன் மணிகள் முற்றியபின்னும் கதிரிலேயே தங்குகின்றன.

காட்டினத்தின் மணிகள் முற்றியதும் உதிர்ந்துவிடுவதால், ஆய்வுக்காக வளர்ப்போர் கதிரைத் துணிப்பையால் மூடி விதை சேர்ப்பது நல்லது. புதிய விதைக்கு உறக்கநிலை, அதாவது ஈரம் கிடைத்தும் முளைக்காதிருக்கும் இயல்பு, உண்டு. முளைப்புக்கு வெளிச்சமும் துணைபுரிவதால் ஆழப் புதைக்காமல் மண்ணின் மேற்பரப்பிலேயே தூவ வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நனையும் கரிசல் மண் இதற்குப் போதுமானது. தனி உரம் வேண்டியதில்லை.