ஆக்சைடுப் பரப்பில் ஆல்ககால்: சபாத்தியேயின் ஊகமும் அகச்சிவப்புச் சான்றும்

எத்தில் ஆல்ககாலின் ஆவியைச் சூடான அலுமினாத் தூளின் மீது செலுத்தினால், நீர் பிரிந்து எத்திலீன் வாயு கிடைக்கிறது. வெப்பநிலை குறைவாக இருந்தால் ஈதர் மிகுதியாக உண்டாகும். சூடான களிமண் இம்மாற்றத்தை நிகழ்த்துவதை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே டச்சு வேதியியலாளர்கள் கண்டிருந்தனர். ஆனால் பரப்பில் என்ன நடக்கிறது என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது.

பிரான்சின் துலூசு நகரில் பணியாற்றிய பால் சபாத்தியே (1912இல் நோபல் பரிசு பெற்றவர்) பல உலோக ஆக்சைடுகளை ஒப்பிட்டார். சில, ஆல்ககாலிலிருந்து நீரைப் பிரித்தன. சில, ஐதரசனைப் பிரித்து ஆல்டிகைடைத் தந்தன. சில இரண்டையும் செய்தன. நீரைப் பிரிக்கும் தோரியம் ஆக்சைடு அமிலம்போல் செயல்பட்டு, ஆல்ககாலுடன் எசுத்தர் போன்ற நிலையற்ற சேர்மத்தை உண்டாக்குகிறது என்றும், அது சிதையும்போதே எத்திலீன் வெளிவருகிறது என்றும் அவர் விளக்கினார். அச்சேர்மத்தை அவர் கண்டதில்லை. வெளிவந்த விளைபொருள்களை வைத்தே அவ்வாறு கருதினார்.

பரப்பைக் காணும் வழியை அகச்சிவப்பு நிறமாலையியல் தந்தது. 1940களில் லெனின்கிராடில் தெரெனின் குழுவினர் நுண்துளைக் கண்ணாடியில் ஒட்டிய மூலக்கூறுகளை இம்முறையில் ஆராய்ந்தனர். 1962இல் அமெரிக்கரான ராபர்ட் கிரீன்லர், அலுமினாவில் மெத்தனாலும் எத்தனாலும் ஒட்டும்போது கிடைக்கும் நிறமாலையை வெளியிட்டார். ஆல்ககால் தன் ஐதராக்சில் ஐதரசனை இழந்து, மெத்தாக்சைடாகவும் எத்தாக்சைடாகவும் பரப்பில் பிணைந்திருந்தது. சபாத்தியேயின் ஊகத்திற்கு இது மிக நெருக்கமானது.

ஆனால் அவர் சொன்னது மெய்ப்பட்டது என்று இத்துடன் முடித்துவிட முடியாது. சூடாக்கியபோது மெத்தாக்சைடு பார்மேட்டு போன்ற அமைப்பாகவும், எத்தாக்சைடு அசிட்டேட்டு போன்ற அமைப்பாகவும் மாறின. அசிட்டேட்டு எளிதில் சிதையாது. எனவே அது பரப்பில் சேர்ந்துகொண்டே போய் நிறமாலையில் வலுவான பட்டைகளைக் காட்டும். விரைந்து வினைபுரியும் இனமோ மிகக் குறைவாகவே இருப்பதால் கண்ணில் படாமல் போகலாம். பேருந்து நிலையத்தில் நெடுநேரம் தென்படுபவர் பேருந்து கிடைக்காதவர்தானே! கண்ணில் பட்ட எத்தாக்சைடே எத்திலீனைத் தந்ததா, வெறுமனே பக்கத்தில் இருந்ததா என்பதை நிறமாலை மட்டும் சொல்லாது.

ஒரு பட்டை மறையும் வேகத்தையும் விளைபொருள் தோன்றும் வேகத்தையும் ஒப்பிடுவதே இதற்கு வழி. 1960களில் தோக்கியோவில் தமாரு குழுவினர் பார்மிக் அமிலத்தில் இதைச் செய்தனர். அலுமினாவில் பார்மேட்டு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அது சிதையும் வேகம் மொத்த வினையின் வேகத்திற்கு ஈடாகவில்லை. வினை நடக்கும்போதே நிறமாலையையும் விளைபொருளையும் சேர்த்து அளக்கும் இம்முறைக்கு 2000களின் தொடக்கத்தில் 'ஒபராண்டோ' என்ற பெயர் வழக்கில் வந்தது.