கோடி போகும் ஏரியைப் பார்க்கப் போவது

ஏரி நிரம்பிக் கோடி போகிறது என்று சேதி வந்தால் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து ராமகுப்பம், குப்பம் பக்கத்தில் ஊரே கரைக்கு வந்துவிடும். உபரி நீர் வழியும் கலிங்கைத்தான் வடார்க்காட்டுப் பக்கம் கோடி என்பார்கள். பெண்கள் தட்டில் மஞ்சள், குங்குமம், தேங்காய், புடவை எடுத்து வருவார்கள். கங்கம்மாவுக்குப் பூசை நடக்கும், கிடா வெட்டுவார்கள். பல வருடம் கழித்து நிரம்பிய ஏரி என்றால் தெப்பம் விடுகிற ஊர்களும் இந்தப் பாலாற்றுப் படுகையில் உண்டு. ஏரி பார்க்கப் போவது என்பது இன்று சுற்றுலாத் துறையின் விளம்பரப் பலகைகளில் இடம்பெறும் பொழுதுபோக்கு. ஆனால் ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றும் சந்திக்கும் இந்த மூலையில் அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. இங்கே ஏரியைப் பார்ப்பதும் ஏரியைப் பராமரிப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு பகுதிகளாக இருந்தன. இரண்டும் பிரிந்த பிறகுதான் ஏரிகள் பாழாகத் தொடங்கின என்பது என் வாதம். ஏரிகளை அழகுபடுத்தப் பணம் ஒதுக்கும் இந்தக் காலத்தில் இதைச் சொல்லியாக வேண்டும்.

அயர்லாந்தின் கில்லார்னி ஏரிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கென்மேர் பிரபு அங்கே சாலைகளும் விடுதிகளும் படகுகளும் அமைத்து வெளியூர்க்காரர்களை வரவழைத்தார். 1861இல் விக்டோரியா அரசியே வந்து தங்கினார். 1932இல் ஏரிக்கரையில் இருந்த மக்ராஸ் பண்ணை நாட்டுக்குக் கொடையாக வந்து, அயர்லாந்தின் முதல் தேசியப் பூங்கா ஆனது. அந்த ஏரிகளைக் குடைந்தவை பனியாறுகள். மனிதர்கள் நூறு வருடம் அந்தப் பக்கமே போகாவிட்டாலும் அங்கே தண்ணீர் நிற்கும். ராமகுப்பத்து ஏரிகளின் கதை அப்படி இல்லை. மேட்டு நிலத்தில் ஓடையை மறித்து, பிறை வடிவில் மண்கரை போட்டு, உள்பக்கம் கல் பாவி, மதகு வைத்து மனிதர்கள் உண்டாக்கியவை அவை. ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் கரை உடையும். பத்து வருடம் கவனிக்காமல் விட்டால் ஏரியே இருக்காது. இங்கே அழகு என்பது பராமரிப்பின் விளைவு.

இந்த வேலை எத்தனை நுணுக்கமானது என்பதற்கு ஒரு கல்வெட்டே சாட்சி. கடப்பை மாவட்டம் போருமாமில்லாவில், விஜயநகரத்து முதலாம் புக்கரின் மகன் பாஸ்கரன் கட்டிய ஏரியைப் பற்றி 1369ஆம் ஆண்டின் சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. நாள்தோறும் ஆயிரம் ஆட்கள் வேலை செய்தார்கள், மதகுக்கும் சுவருக்கும் நூறு வண்டிகள் கல் சுமந்தன, இரண்டு வருடத்தில் வேலை முடிந்தது என்று அது கணக்குச் சொல்கிறது. அதைவிட முக்கியமானது, நல்ல ஏரிக்கு வேண்டிய பன்னிரண்டு அங்கங்களையும் தவிர்க்க வேண்டிய ஆறு குற்றங்களையும் அது வரிசைப்படுத்துவது. நீர்நூல் அறிந்தவன் வேண்டும், கெட்டியான மண் வேண்டும், நல்ல தண்ணீர் கொண்டுவரும் ஆறு வேண்டும். கரையில் கசிவு, உவர்மண், ஏரிக்கு நடுவில் மேடு, பாசன நிலத்துக்குப் போதாத தண்ணீர், நிலத்துக்கு மிஞ்சிய தண்ணீர் ஆகியவை குற்றங்கள். இரண்டு அரசுகளின் எல்லையில் ஏரி அமைவதும் குற்றம் என்கிறது அந்தக் கல்வெட்டு. அறுநூற்றைம்பது வருடத்துக்கு முன் எழுதிய இந்த எச்சரிக்கை பாலாற்றுப் பள்ளத்தாக்குக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

கட்டியதோடு வேலை முடியவில்லை. கட்டியதைக் காக்கவும் ஏற்பாடு இருந்தது. பல்லவர் காலத்திலேயே ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கி, அதன் வருவாயை ஏரிக்கே செலவிட்டார்கள். முதலாம் பராந்தகச் சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919லும் 921லும் பொறித்தவை, குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. ராயலசீமையிலும் கோலார்ப் பக்கத்திலும் வழங்கியது தசபந்தம்: ஏரியை வெட்டியவனுக்கோ பழுது பார்த்தவனுக்கோ நிலத்தையோ விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு போன்றதொரு பாகத்தையோ விட்டுக்கொடுத்து, பதிலுக்கு ஏரியைப் பேணும் கடமையை அவன் தலையில் வைப்பது. அன்றாட வேலை, மதகைத் திறந்து மூடும் நீர்கட்டியுடையது. பழைய மதகு ஒன்றை அருகில் போய்ப் பார்த்தால் அவன் வேலையின் தன்மை தெரியும். ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும்; அவற்றை இணைக்கும் குறுக்குக் கல்லில் ஒரு துளை; அதன் வழியே இறங்கும் கழியின் முனையில் மரக்கட்டை; அது அடியில் இருக்கும் தூம்பின் வாயை அடைத்திருக்கும். கழி சிக்கினால் நீர்கட்டி மூச்சை அடக்கி முங்கிப் போய்த்தான் கட்டையை விடுவிக்க வேண்டும். கோடியின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடியும்போது அந்தக் கற்களுக்கு இடையே மண்ணும் புல்கரணையும் வைத்து அடைத்தால் இன்னும் ஒரு முழம் தண்ணீர் தேங்கும். அவசரப்பட்டு முன்கூட்டியே அடைத்துவிட்டுப் பிறகு பெருமழை வந்தாலோ, கரையே போய்விடும். எப்போது அடைப்பது என்பது ஊர் கூடிக் கண்ணால் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. கோடி போகும் நாளில் ஊரே கரையில் நின்றதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். பூசைக்குப் போனவர்கள் கரை நெடுக நடந்தார்கள். எங்கே கசிகிறது, எங்கே நண்டு வளை, எங்கே மண் சரிந்திருக்கிறது என்பதை நூறு கண்கள் பார்த்தன.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. அந்தப் பழைய ஏற்பாடு யாருடைய உழைப்பில் நடந்தது? நீர்கட்டி பெரும்பாலான ஊர்களில் தாழ்த்தப்பட்ட சாதியிலிருந்து வந்தவர். நாலு படி தானியத்துக்காக நள்ளிரவில் ஏரிக்குள் முங்கிய அவருக்குப் பாசன நிலம் பெரும்பாலும் கிடையாது. குடிமராமத்து என்று பெருமையாகச் சொல்லப்படுவதும் எல்லாருக்கும் ஒரே சுமையாக இருந்ததில்லை. 1858இல் சென்னை அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றையே கொண்டுவந்து, கரை உடைப்பை அடைக்க ஆட்களை இழுக்கும் அதிகாரத்தை எழுத்தில் வைத்தது. பழைய முறை அப்படியே திரும்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் உடன்படமாட்டேன். ஆனால் அந்த முறையில் இருந்த ஒன்று சாதியோடு சேர்த்துத் தூக்கி எறியக் கூடியதில்லை. ஏரியின் வருவாயில் ஒரு பகுதி ஏரியிலேயே தங்கியது என்பதுதான் அது. ஏரிப்பட்டி, தசபந்தம், ஏரி மீனின் வருவாயான மீன்பாட்டம் எல்லாம் அந்த ஏற்பாட்டின் வடிவங்கள். நீர்கட்டிக்குக் கண்ணியமான சம்பளம் கொடுத்துக்கொண்டே இதைச் செய்யலாம்.

செய்யாமல் விட்டதன் வரலாறு 19ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1866இல் மைசூரின் தலைமைப் பொறியாளராக இருந்த சாங்கி, அந்தச் சமஸ்தானத்தில் புதிதாக ஏரி கட்ட இடம் கண்டுபிடிப்பதே கடினம் என்னும் அளவுக்கு ஏற்கெனவே ஏரிகள் நிறைந்துவிட்டதாக வியந்து எழுதினார். பாலாறு அந்த மைசூர் மேட்டு நிலத்தில்தான் பிறந்து, பேத்தமங்கலம் ஏரியைத் தாண்டி இந்தப் பக்கம் வருகிறது. ஏரிகளைக் கண்டு வியந்தார்களே தவிர, அவற்றைக் காத்த நிதி ஏற்பாடுகளை ஆங்கில அரசு வரிக்கணக்கில் கரைத்துவிட்டது. ஏரிக்காக விட்ட இனாம் நிலங்கள் காலப்போக்கில் கைமாறின. ஏரியைப் பழுது பார்க்கும் கடமை நிலத்தோடு சேர்ந்து கைமாறவில்லை. பஞ்சங்களில் பாடம் கற்ற சென்னை அரசு 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. அது அரசுக்கு நேரடியாக வரி கட்டிய ஊர்களுக்கானது. குப்பம் சுற்றுவட்டாரமோ கங்குந்தி ஜமீனில் இருந்தது. ஜமீன் ஏரிகளுக்கு ஜமீன்தாரே பொறுப்பு. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது அந்த ஏரிகள் பழுதோடு அரசின் கைக்கு வந்தன. பிறகு ஒரு பொறியாளர் பல ஊர்களின் ஏரிகளுக்குச் சேர்த்துப் பொறுப்பானார். கரையில் நடந்து பார்க்கும் கண்கள் குறைந்தன. வரத்துக்கால் அடைந்தது, நீர்ப்பிடிப்பில் சீமைக்கருவேல் ஏறியது.

போருமாமில்லாக் கல்வெட்டு சொன்ன எல்லை என்ற குற்றமும் வந்து சேர்ந்தது. 1892இல் மைசூருக்கும் சென்னைக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம் பாலாற்றையும் சேர்த்துக்கொண்டது: கீழ்ப்பகுதியின் சம்மதம் இல்லாமல் மேலே புதிய அணை கூடாது. அப்போது ராமகுப்பம் பகுதி சென்னை மாகாணத்துக்குள், வடார்க்காட்டில் இருந்தது. ஒப்பந்தத்தில் கீழ்ப்பக்கத்தில் நின்ற ஊர் அது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது, 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது, ராமகுப்பம் தமிழ்நாட்டுக்கு மேல்பக்கத்து ஊரானது. ஊர் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. ஆந்திரத்தில் பாலாறு ஓடும் தூரம் 33 கிலோமீட்டர்தான். கர்நாடகத்தில் 93, தமிழ்நாட்டில் 222. அந்த 33 கிலோமீட்டருக்காக 2006லிருந்து தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் இடையே உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. புல்லூர்க் கனகநாச்சியம்மன் கோயிலை ஒட்டிய தடுப்பணையை 2016இல் ஆந்திரத்தார் ஐந்தடியிலிருந்து பன்னிரண்டடிக்கு உயர்த்தினார்கள். மழைக்காலத்தில் அந்த அணை நிரம்பி வழிவதைப் பார்க்க வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து மக்கள் திரண்டு போகிறார்கள். அந்தத் தண்ணீரை நம்பியிருக்கும் கீழ்ப்பகுதி உழவர்களுக்கு அது வெறும் காட்சி இல்லை. வழிகிறதா இல்லையா என்று பார்ப்பதற்கே போகிறார்கள். மேலே இருப்பவர்களின் வறட்சியும் உண்மைதான். தண்ணீர் இல்லாத மண்டலத்தில் பிறந்தவர் தன் ஊர் ஓடையில் தடுப்புக் கட்டக் கேட்பதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு கணக்கேடு இல்லாததுதான் குற்றம். எந்த ஏரியில் எவ்வளவு தேங்கியது, எந்த நாளில் வழிந்தது என்பதை இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளும்படி எழுதிவைக்கும் ஏற்பாடு வேண்டும்.

ஆழ்துளைக் கிணறும் கால்வாயும் வந்த பிறகு ஏரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மல்பெரியும் தக்காளியும் ஆழ்துளைக் கிணற்றில்தான் விளைகின்றன, மறுக்கவில்லை. அந்தக் கிணற்றில் ஊறும் தண்ணீரில் ஒரு பகுதி மேலே இருக்கும் ஏரியிலிருந்து இறங்கியது. ஏரி வற்றிய வருடங்களில் கிணறுகளின் ஆழம் கூடிக்கொண்டே போனதே அதற்குச் சான்று. கால்வாய் விஷயமும் அப்படித்தான். ஸ்ரீசைலம் அணையின் பின்நீரிலிருந்து பல நிலைகளில் ஏற்றிக் கொண்டுவந்த ஹந்திரி-நீவா தண்ணீர் 2025 ஆகஸ்டில் குப்பத்தை அடைந்தபோது, ஆந்திர முதலமைச்சர் பரமசமுத்திரத்தில் ஆரத்தி எடுத்தார். அத்தனை தூரம் வந்த கிருஷ்ணா நீரைத் தேக்கி வைக்க இடம் வேண்டுமே. அந்த இடம் பழைய ஏரிகள்தான். ஏரியின் கரை பலமாக இல்லையென்றால் அந்தக் கால்வாயின் செலவு முழுவதும் வீண்.

சுற்றுலாவால் ஏரிக்குப் பணம் வராதா, கில்லார்னியைப் பாருங்கள் என்பது கடைசி மறுப்பு. வரலாம். கௌண்டின்யா சரணாலயத்துக் காடும், ராமகுப்பம் மண்டலத்தில் இருக்கும் நனியாலா யானை முகாமும் ஏற்கெனவே ஆட்களை இழுக்கின்றன. நிரம்பிய ஏரி ஒன்று பக்கத்தில் இருந்தால் இன்னும் வருவார்கள். அதே அயர்லாந்துத் தீவின் மிகப் பெரிய ஏரியான நேயையும் பார்க்க வேண்டும். 2023 கோடையில் அதன் நீர் நீலப்பச்சைப் பாசியால் மூடிப்போனது. சுற்றிலும் உள்ள வயல்களின் உரமும் ஊர்களின் கழிவும் வருடக்கணக்கில் அதில் சேர்ந்திருந்தன. மனிதர்கள் வெட்டாத இயற்கை ஏரிக்கே வரத்து நீரைக் கவனிக்காவிட்டால் இந்தக் கதி. நம் ஏரிகளில் படகுத்துறையும் நடைபாதையும் போடும்போது, பல இடங்களில் நீர்ப்பரப்பின் ஓரத்தை மண்போட்டு நிரப்பித்தான் போடுகிறார்கள். அந்த அளவுக்கு ஏரியின் கொள்ளளவு குறைகிறது. எப்போதும் தண்ணீர் தெரிய வேண்டும் என்பதற்காக மதகைத் திறக்க விடாமல் செய்யும் ஆசையும் அங்கிருந்தே பிறக்கும். ஏரிப் பாசன நிலமுடைய ஆயக்கட்டுக்காரருக்கும் படகுக்காரருக்கும் இடையே வரப்போகும் இந்தப் பிணக்கை இப்போதே தீர்த்துவைக்க வேண்டும்.

தீர்க்கும் கருவி சட்டத்தில் இருக்கிறது. ஆந்திரத்தின் 1997ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டம் ஏரிகளுக்கு நீர்ப்பயனர் சங்கம் அமைக்க இடம் கொடுத்தது. அந்தச் சங்கத்தில் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களோடு நிலமில்லாத நீர்கட்டியும் மீன்காரரும் உட்கார வேண்டும். மதகின் சாவி சங்கத்திடம் இருக்க வேண்டும். படகுச் சீட்டிலும் மீன் ஏலத்திலும் வரும் பணத்தில், தசபந்தத்தின் கணக்குப்படி பத்தில் ஒரு பங்காவது மாவட்டக் கருவூலத்துக்குப் போகாமல் அந்த ஏரியின் பெயரிலேயே தங்க வேண்டும். அதிலிருந்து முதல் செலவு வரத்துக்காலுக்கு, இரண்டாவது கரைக்கு, மிச்சம் இருந்தால் நடைபாதைக்கு.