நரைத்தவரும் நரையாதவரும்

ஆண்டு பல கடந்தும் நரை தோன்றாதது ஏன் என்று வினவியோர்க்குப் பிசிராந்தையார் காரணங்களை அடுக்குமிடத்து, மாட்சி மிக்க மனைவியையும் அறிவு நிரம்பிய மக்களையுமே முதற்கண் வைக்கின்றார். அவருடைய உயிர் நண்பனாகிய கோப்பெருஞ்சோழனுக்கோ அப்பேறு வாய்க்கவில்லை. பெற்ற மக்களே அவனை எதிர்த்து எழுந்தனர். தந்தையும் வெகுண்டு போருக்குப் புறப்பட்டான். புல்லாற்றூர் எயிற்றியனார் இடைபுகுந்து, வென்றால் நாட்டை யாருக்கு விட்டுச் செல்வாய், தோற்றால் பகைவர் மகிழ்வரன்றோ என்னும் கருத்துப்பட உரைத்து அவனைத் தடுத்தார். மன்னன் வடக்கிருந்து உயிர் நீத்தான். புறநானூறு காட்டும் இவ்வரலாற்றை நட்பின் பெருமைக்கே நாம் எடுத்துக்காட்டி வருகின்றோம். பெற்ற மக்களால் மனம் முறிந்த ஒரு தந்தையின் வரலாறும் இதுவே என்பதை ஏனோ விரைந்து கடந்துவிடுகின்றோம்.

அரசனுக்கு நேர்ந்தது குடிகளுக்கு நேராதிருக்குமோ? கூட்டுக் குடும்பத்தில் முதியோர் அனைவரும் போற்றப்பட்டனர் என்று மேடைகளில் முழங்குவது எளிது. நிலம் மூத்தவர் பெயரில் இருந்தவரை அவர் பெற்ற மதிப்பில் அன்பின் பங்கு எவ்வளவு, பட்டாவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காண்பதுதான் அரிது.

அங்ஙனம் பிரித்துக் காண விரும்புவோர் மேற்குத் தொடர்ச்சி மலைமேல் ஏற வேண்டும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாகப் பூப்பாறையை அடைந்து மூணாறு செல்லும் வழியில் உள்ளது சின்னக்கானல். கானல் என்பது பழந்தமிழில் கடற்கரைச் சோலைக்குரிய சொல். மலையூர் ஒன்று அச்சொல்லைத் தாங்கி நிற்பது சுவையானதே. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலை நிலங்களைப் பெற்ற பின்னர், இம்மலைகளில் தோட்டங்கள் பெருகின. நெல்லை, மதுரைச் சீமைகளிலிருந்து உழைக்கும் மக்கள் கங்காணிகளின் பின்னே ஏறினர். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதி கேரளத்தோடு நின்றது. கொழுந்து கிள்ளிய கைகள் பல தலைமுறைகளாக அதே கைகள்தாம். ஆயினும் அவர்களுக்கென்று நிலம் அமையவில்லை.

இருப்பது லயத்து வீடு ஒன்றே. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் குடியிருப்பு வழங்க வேண்டுமென விதித்தது. பெரும்பேறுதான். ஆனால் அவ்வீடு ஆளுக்கு உரியதன்று, வேலைக்கு உரியது. ஓய்வு பெற்ற நாளோடு உரிமை முடிகிறது. மகனோ, மகளோ, மருமகளோ தோட்டத்தில் வேலை பார்த்தால் அவர்கள் பெயரால் முதியவள் அங்கே ஒண்டியிருக்கலாம். நாற்பது ஆண்டு தான் அடுப்பெரித்த வீட்டில் அவள் ஒரே நாளில் விருந்தாளி ஆகின்றாள். அதுவும் அழையா விருந்தாளி. சேமநிதியும் பணிக்கொடையும் கைக்கு வரும் வேளையில் அன்பு பெருகும். கடனுக்கும் கலியாணத்துக்கும் அப்பணம் கரைந்தபின் சோற்றுத் தட்டு சற்றே தள்ளி வைக்கப்படும். 1995-ஆம் ஆண்டுத் திட்டத்தின் ஓய்வூதியத்துக்கு 2014-இல் வகுக்கப்பட்ட குறைந்த அளவு திங்களுக்கு 1000 ரூபாய். அடித்தல் ஒன்றே கொடுமையன்று. பேச்சை நிறுத்துதல், மருந்துக்குக் காசில்லை எனல், மழைக்காலத்தில் திண்ணையில் கிடத்துதல் ஆகியவற்றுக்குக் காயத்தழும்பு இராது. இவற்றைச் செய்யும் மகனும் கூலியால் நலிந்தவனே என்பதை மறைத்தல் தகாது. அதனால் கிழவியின் பசி குறைவதும் இல்லை.

மலையடிவாரச் சமவெளியில் நிகழ்வது இதனினும் கொடிது. விருதுநகர், மதுரை, தேனி வட்டாரங்களில் தலைக்கூத்தல் என்றொரு வழக்கம் பேசப்படுகிறது. நோயுற்ற முதியவரின் தலையில் விடியற்காலை எண்ணெய் வார்த்துக் குளிர்ந்த நீராட்டி, இளநீரைத் தொடர்ந்து புகட்டுவர். உடல் குளிர்ந்து, காய்ச்சல் கண்டு, ஓரிரு நாட்களில் உயிர் பிரியும். ஊரார் அதனை இயற்கைச் சாவென்பர். 2010-இல் விருதுநகர்ப் பகுதிச் செய்திகள் வெளிவந்த பின்னரே நாடு இதனைத் திரும்பிப் பார்த்தது. இப்பொருளை எடுத்துக்கொண்ட ‘பாரம்’ என்னும் திரைப்படம் 66-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்ந்தது. கருணை என்றும் மரபு என்றும் இதற்குப் பெயரிடுவோர் உளர். வடக்கிருத்தலையும் இதற்குத் துணைக்கு அழைப்பாரும் உளர். சோழன் தானே துணிந்து வடக்கிருந்தான். இங்கோ துணிபவர் பிறர். சட்டத்தின் கண்ணில் இது கொலையே.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. திங்களுக்கு 10,000 ரூபாய் வரை வாழ்வூதியம் வாங்கித் தரத் தீர்ப்பாயங்கள் அமைந்தன. முதியவரைக் கைவிட்டவர்க்கு மூன்று திங்கள் சிறையோ, 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. பேணுவதாக வாக்களித்துச் சொத்தை எழுதி வாங்கியவர் பேணத் தவறினால், அப்பத்திரத்தைச் செல்லாததாக்க 23-ஆம் பிரிவு வழிசெய்கிறது. எழுதிக் கொடுக்க நிலமே இல்லாத லயத்து மூதாட்டிக்கு அப்பிரிவால் ஆவது சிறிது. அவளுக்கு உதவக்கூடியது 5-ஆம் பிரிவு. முதியவரால் இயலாதபோது அவர் சார்பில் பிறரோ ஓர் அமைப்போ முறையிடலாம். தீர்ப்பாயம் தானே முன்வந்தும் விசாரிக்கலாம். பெற்ற மகன்மேல் வழக்குரைக்க நாணும் தாய்க்காகவே எழுதப்பட்டதோ என்று எண்ணத் தோன்றும் பிரிவு அது. தேவிகுளம் வருவாய்க் கோட்டத்து மலைகளில் அம்முறையீட்டை எழுத வல்லவர், பெரும்பாலும் அடுத்த லயத்தில் குடியிருப்பவரே.