கூலிங் குறையும் ஃபிரிட்ஜ்: ஒரு பழுதின் வரலாறு

வீட்டு ஃபிரிட்ஜில் குளிர் போதவில்லை என்றால் தேர்ந்த மெக்கானிக் பார்க்கும் இடங்கள் ஐந்து: கதவு ரப்பர், வெப்பத்தை வெளியே விடும் காயில், உள்ளே படியும் பனி, காற்றைச் சுழற்றும் ஃபேன், கடைசியாகக் கம்ப்ரசரும் கேஸும். இவை ஒரே நாளில் அந்தப் பெட்டிக்குள் வந்தவை அல்ல. ஒரு தலைமுறை ஒரு குறையைத் தீர்க்கச் செய்த ஏற்பாடே அடுத்த தலைமுறைக்குப் புதிய பழுதாக வந்து நின்றது. அந்த வரிசையை அறிந்தால், இன்றைய ஃபிரிட்ஜில் எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசியில் தொட வேண்டும் என்பதும் விளங்கும்.

பனிக்கட்டிக் காலம்

மின்சாரம் வருவதற்கு முன் குளிர் என்பது கப்பலிலும் வண்டியிலும் வந்த சரக்கு. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டூடர் 1806-இல் மார்டினிக் தீவுக்குப் பனிக்கட்டி அனுப்பி இந்த வணிகத்தைத் தொடங்கினார். 1833-இல் அவருடைய 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனிலிருந்து கிளம்பிய 'டஸ்கனி' கப்பல், நான்கு மாதப் பயணத்துக்குப் பின் கல்கத்தா சேர்ந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் இதே வணிகத்தின் கிடங்கு. இயந்திரத்தில் செய்த ஐஸ் வந்ததும் இந்த வணிகம் படுத்தது. கட்டடம் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் கைக்கு மாறியது. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றிருக்கிறது.

வெப்பம் உள்ளே நுழைவதைத் தாமதப்படுத்தலாம், அடியோடு தடுக்க முடியாது என்பதே அந்த வணிகம் கற்றுத்தந்த முதல் பாடம். கப்பலில் மரத்தூளும் வைக்கோலும் செய்த வேலையைப் பிறகு தக்கையும் கண்ணாடி இழைப் பஞ்சும் செய்தன. இன்று ஃபிரிட்ஜின் சுவருக்குள் இருக்கும் பாலியூரித்தேன் நுரை அதைச் செய்கிறது.

அமெரிக்க வீடுகளில் இருந்த ஐஸ் பெட்டியின் மேல் அறையில் பனிக்கட்டி இருக்கும். குளிர்ந்த காற்று கனமானதால் கீழே இறங்கி உணவைக் குளிரவைக்கும். பெட்டி குளிரவில்லை என்ற புகாருக்கு அன்றே வழக்கமான காரணங்கள் இருந்தன: கதவு சரியாகப் பொருந்தாமை, உள்ளே திணித்த பாத்திரங்கள் காற்றோட்டத்தை மறித்தல், சூடான உணவை ஆறவிடாமல் வைத்தல். பனிக்கட்டி சீக்கிரம் கரையாதிருக்கத் துணி சுற்றி வைப்பதும் ஒரு காரணம். உருகும்போதுதான் பனிக்கட்டி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்; உருகவிடாமல் காத்தால் பெட்டி குளிராது. இல்லத்தரசிகளுக்கு இவற்றை விளக்கச் சிறு நூல்கள் வெளியாயின. அமெரிக்க ஐஸ் தொழில் சங்கம் 1923-இல் அமைத்த வீட்டுக் குளிர்பதன அலுவலகத்துக்குத் தலைமை ஏற்ற வேதியியலாளர் மேரி எங்கிள் பென்னிங்டன் இந்தப் பணியில் முன்னோடி. அந்தக் காலத்தின் அளவைகூட மறையவில்லை: 'ஒரு டன் ஏசி' என்பது, ஒரு அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது வாங்கும் வெப்பத்தைக் குறிக்கிறது.

இயந்திரமும் கேஸும்

ஆவியாகும் திரவம் சுற்றுப்புறத்தின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஆவியை அழுத்திக் குளிர்வித்தால் மீண்டும் திரவமாகும். இந்தச் சுழற்சிக்கு ஜேக்கப் பெர்கின்ஸ் 1834-இல் லண்டனில் காப்புரிமை பெற்றார். இதன்படி ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. கொட்ட இடமில்லாவிட்டால் உள்ளே குளிராது. பழைய பெட்டிகளின் முதுகில் தெரியும் கறுப்புக் கம்பி வலையில் தூசி அடைவதும், சுவரோடு ஒட்டி வைப்பதும் குளிரைக் குறைப்பது இதனால்தான். புதிய மாடல்கள் பலவற்றில் அந்தக் காயில் பக்கவாட்டுத் தகட்டுக்குள் இருக்கிறது. அங்கே தொட்டால் சுடுவது பழுதல்ல. ஆனால் இருபுறமும் காற்று போக இடம் வேண்டும்.

வீட்டுக்கான மின்சார ஃபிரிட்ஜ் 1910-களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் மோட்டார் தனி, கம்ப்ரசர் தனி. இரண்டையும் பெல்ட் இணைத்தது. கம்ப்ரசரின் சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில் கேஸ் கசிவது வாடிக்கை. அவ்வப்போது நிரப்புவதும் வாடிக்கை. 1927-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கொண்டுவந்த 'மானிட்டர் டாப்' இந்த நிலையை மாற்றியது. அதில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைத்து மூடப்பட்டிருந்தன. பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற இந்தப் பெட்டியோடு, வீட்டு ஃபிரிட்ஜுக்கு நல்ல நிலையில் கேஸ் நிரப்பத் தேவையே இல்லை என்ற நிலை பிறந்தது. கேஸ் எரிந்து தீர்வதில்லை. குழாயில் ஓட்டை விழுந்தால் மட்டுமே குறையும். ஆனாலும் கூலிங் குறைந்ததும் 'கேஸ் தீர்ந்துவிட்டது' என்று முடிவுகட்டும் பழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

அன்றைய கேஸ்களான சல்ஃபர் டை ஆக்சைடும் மெத்தில் குளோரைடும் நச்சு. 1929-இல் சிகாகோவில் மெத்தில் குளோரைடு கசிந்து உயிர்கள் போயின. தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் 1928-இல் கண்டறிந்த ஃப்ரீயான் நச்சற்றது, தீப்பிடிக்காதது. வீட்டுக்குள் ஃபிரிட்ஜ் அச்சமின்றி இடம்பிடிக்க அது வழிவிட்டது.

பனியும் கதவும்

கேஸ் கவலை அடங்கியதும் பனி பெரிய தொல்லையாக மிஞ்சியது. கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே புகும் ஈரம் ஃப்ரீசரில் பனியாகப் படிகிறது. படலம் தடித்தால் அதுவே வெப்பத்தைத் தடுக்கும் போர்வையாகிறது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் தெர்மோஸ்டாட் திருகின் நடுவே இருக்கும் டிஃப்ராஸ்ட் பொத்தான் இதற்காகவே வந்தது. பொறுமையிழந்து கத்தியால் பனியைக் குத்துவோர் ஃப்ரீசரின் மெல்லிய அலுமினியத் தகட்டில் துளை போட்டுவிடுகிறார்கள். 'உஸ்' என்ற சத்தத்தோடு கேஸ் வெளியேறும். பொத்தானை அழுத்தியிருந்தால் தானே உருகியிருக்கும் பனி பெரிய செலவாக முடியும்.

கதவின் வரலாறு துயரத்தோடு கலந்தது. பழைய ஃபிரிட்ஜ்களின் கதவில் வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் உலோகத் தாழ் இருந்தது. வேண்டாமென்று போட்ட பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் வெளியே வர முடியாமல் மூச்சுத்திணறி இறந்தார்கள். உள்ளிருந்தும் திறக்கும்படி கதவு அமைய வேண்டும் என்று அமெரிக்கா 1956-இல் சட்டம் இயற்றியது. காந்தப் பட்டை பொதிந்த ரப்பர் பரவலான பின்னணி இது. உயிர்காத்த அந்த ரப்பர் காலப்போக்கில் அழுக்கேறி, விறைத்து, வெடிக்கும். ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் தடையின்றி வரும் இடத்தில் பிடிப்பு இல்லை என்று பொருள். வெதுவெதுப்பான சோப்பு நீரால் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

பனித் தொல்லைக்குத் தீர்வாக 'ஃப்ராஸ்ட் ஃப்ரீ' வந்தது. குளிர்விக்கும் காயில் ஃப்ரீசரின் பின்பலகைக்குள் மறைந்தது. ஃபேன் குளிர்காற்றைக் கீழறைக்கும் அனுப்பியது. ஒரு ஹீட்டர் குறித்த இடைவெளியில் பனியை உருக்கியது. ஃபேன், ஹீட்டர் இரண்டில் எது நின்றாலும் ஒரே அறிகுறிதான்: மேலே ஐஸ்கிரீம் கட்டியாக இருக்கும், கீழே பால் திரியும். பின்பலகையைக் கழற்றினால் விடை தெரிந்துவிடும். காயில் முழுவதும் ஒரே சீராக வெண்பனி மண்டியிருந்தால் கேஸ் இருக்கிறது. ஹீட்டரோ டைமரோ சென்சாரோ பழுது. முதல் ஓரிரு வளைவுகளில் மட்டும் பனி பிடித்து மற்றவை வெறுமையாக இருந்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். காயில் சுத்தமாக இருந்தும் காற்று வரவில்லை என்றால் ஃபேன்.

இந்தியாவிலும் இன்றும்

இந்தியாவில் 1958-இல் கோத்ரெஜ் நிறுவனம் ஃபிரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கியது. இங்கே வோல்டேஜ் குறைவு தனிப் பழுதாயிற்று. கம்ப்ரசர் கிளம்ப முயன்று, முடியாமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரிலேயில் 'டிக்' என்ற சத்தத்தோடு அடங்கும். ஃபிரிட்ஜோடு ஸ்டெபிலைசரும் வாங்கும் வழக்கம் அப்படி வந்தது.

ஃப்ரீயான் வகைக் கேஸ்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974-இல் எச்சரித்தார்கள். அவற்றைக் கட்டுப்படுத்திய 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் ஆர்-134ஏ என்ற கேஸ் வந்தது. அது ஓசோனைக் கெடுக்காவிட்டாலும் புவியைச் சூடாக்குவதால், ஐசோபியூட்டேன் எனும் ஆர்-600ஏ பரவியது. இது எரியக்கூடியது. வீட்டு ஃபிரிட்ஜில் இது சில பத்து கிராம் அளவே இருக்கும். சற்றே கூடினாலும் குறைந்தாலும் குளிர் பாதிக்கும். எடை பார்த்து நிரப்பவும், கேஸை அகற்றிய பிறகே பற்றவைக்கவும் பயிற்சி பெற்ற கை தேவை.

ஆகவே சோதனை எளியதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை இட்டு ஓர் இரவு உள்ளே வைத்தால் கீழறை 4 டிகிரி செல்சியஸை ஒட்டியும், ஃப்ரீசர் மைனஸ் 18-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் தெர்மோஸ்டாட் அளவு, திணித்த பாத்திரங்கள், கதவு ரப்பர், காயில் தூசி, சுவர் இடைவெளி ஆகியவற்றை வீட்டாரே பார்க்கலாம். பனி, ஃபேன், ஹீட்டர், ரிலே ஆகியவை மெக்கானிக்கின் வேலை. கேஸின் முறை இவற்றுக்கெல்லாம் பின்னர்தான். அப்போதும் முதலில் தேட வேண்டியது ஓட்டையை. அதை அடைக்காமல் ஏற்றிய கேஸ் மீண்டும் வெளியேறும், அதே புகார் திரும்பவும் வரும்.