அம்மா எடுக்கும் போட்டோ ஏன் மங்கலாக வருகிறது? பெற்றோருக்கு மொபைல் கேமரா கற்றுத்தருவது எப்படி?

மாடியில் பிரம்மகமலம் பூத்திருக்கிறது. இரவு 11 மணிக்கு அம்மா அதை மொபைலில் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார். இருட்டுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ இழுபட்டது போலத் தெரிகிறது. ஓரத்தில் பாதி விரல். பெங்களூருவிலோ புனேவிலோ இருக்கும் நீங்கள் ஒரு ஹார்ட் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறீர்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, "எனக்கு மட்டும் ஏன் இப்படி வருது?" என்று கேட்கிறார். "குடுங்கம்மா, நான் எடுத்துத் தர்றேன்" என்று போனை வாங்கி, இரண்டு நொடியில் எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். பாடம் முடிந்தது. அதில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: "இதெல்லாம் நமக்கு வராது."

உண்மையில் வரும். பெரியவர்களின் படங்கள் கெடுவதற்குப் பல நேரம் காரணம், கண், விரல், கை மூன்றிலும் வயது கொண்டுவரும் மாற்றங்கள். அதற்கு ஏற்றபடி போனை நாம் மாற்றிக் கொடுப்பதில்லை. அரை மணி நேரம் ஒதுக்கினால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

படம் ஏன் கெடுகிறது?

முதலில் கண். 40 வயதைத் தாண்டியதும் கண்ணில் உள்ள லென்ஸ் இறுகத் தொடங்கி, பக்கத்தில் இருப்பது மங்கலாகிறது. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். போன் திரை தெளிவாகத் தெரிய, அவர்கள் கையை முழுதாக நீட்டுகிறார்கள். நீட்டிய கை அதிகமாக ஆடும். 'பைஃபோகல்' கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல். பக்கத்தில் பார்க்க உதவும் பகுதி கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. அதனால் போனை நெஞ்சுவரை இறக்கிப் பிடிப்பார்கள். கூரை முழுசாகவும் தலைகள் ஓரத்திலும் இருக்கும் படங்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து விரல். விரல் படும்போது ஏற்படும் சிறிய மின் மாற்றத்தை வைத்துத்தான் போன் திரை தொடுதலை உணர்கிறது. வயதாக ஆகத் தோல் உலர்வதால், சில சமயம் தொட்டது பதிவாகாது. உடனே அழுத்திப் பிடிப்பார்கள். பல போன்களில் ஷட்டர் பட்டனை அழுத்திப் பிடித்தால் வீடியோ ஓடும், அல்லது வரிசையாக 20 படம் விழும். அப்பாவின் கேலரியில் ஏன் அத்தனை ஒரு நொடி வீடியோக்கள் என்பது இப்போது புரிகிறதா?

மூன்றாவது கை. வெயிலில் கேமராவின் ஷட்டர் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்தால்கூடப் போதும். டியூப்லைட் வெளிச்சத்தில் அதைவிடப் பல மடங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். நைட் மோடில் சில நொடிகள்கூட ஆகலாம். அவ்வளவு நேரமும் கை அசைந்தால், பூ வெள்ளைக் கோடாகத்தான் வரும். இது உங்கள் கைக்கும் பொருந்தும். அவர்கள் கை கொஞ்சம் கூடுதலாக ஆடும், அவ்வளவுதான்.

முதலில் எந்த செட்டிங்ஸை மாற்றலாம்?

- வால்யூம் பட்டன்: ஐபோனிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் கேமரா திறந்திருக்கும்போது வால்யூம் பட்டனை அழுத்தினாலே படம் விழும். திரையைத் தேடித் தொட வேண்டாம். விரலுக்கு நிஜமான ஒரு பட்டன் கிடைக்கிறது.
- 3 நொடி டைமர்: பட்டனை அழுத்தும்போதுதான் போன் அதிகம் அசைகிறது. அழுத்திவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள 3 நொடி போதும்.
- கிரிட் கோடுகள்: திரையில் கட்டம் தெரியும்படி வைத்தால் சாய்வு உடனே கண்ணில் படும். முகத்தை மேல் கோட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னால், தலை வெட்டுப்படுவது குறையும்.
- தொடுதல் நேரம்: ஆண்ட்ராய்டின் 'அக்ஸசிபிலிட்டி' பகுதியில் 'டச் அண்ட் ஹோல்ட் டிலே' என்று இருக்கும். அதை 'லாங்' என்று மாற்றுங்கள். கொஞ்சம் மெதுவாகத் தொட்டாலும் போன் அதைச் சாதாரணத் தொடுதலாகவே எடுத்துக்கொள்ளும்.
- ஐகான்: முகப்புத் திரையின் கீழ் வரிசையில் கேமரா ஐகான் இருக்கட்டும். பலர் வாட்ஸ்அப்புக்குள் போய்த்தான் படம் எடுக்கிறார்கள். போனின் சொந்தக் கேமராவில் எடுத்தால் தரம் நன்றாக இருக்கும்.

சாம்சங் போன்களில் ஷட்டர் பட்டனைத் திரையில் வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். செல்ஃபிக்கு உள்ளங்கையைக் காட்டினாலே போதும். பார்வை ரொம்பக் குறைந்தவர்களுக்காக, 2022-ல் வந்த பிக்சல் 7 முதல் 'கைடட் ஃபிரேம்' என்ற வசதி இருக்கிறது. போனை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று அது குரலில் சொல்லும்.

எதை எந்த வரிசையில் சொல்லித்தருவது?

ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். ஒரு முறைக்கு ஒரு பழக்கம்.

1. லென்ஸைத் துடைப்பது. எண்ணெய்க் கை பட்ட லென்ஸ்தான் பாதி 'மங்கல்' படங்களுக்குக் காரணம். எடுக்கும் முன் மென்மையான பருத்தித் துணியால் ஒரு துடைப்பு.
2. வெளிச்சம் எங்கே என்று பார்ப்பது. ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கும் பேரனின் முகம் கறுப்பாக விழும். ஜன்னலைப் பார்த்து நிற்கச் சொன்னால் போதும்.
3. பிடிக்கும் முறை. இரண்டு கைகள், முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். தூணோ சுவரோ இருந்தால் சாய்ந்துகொள்ளலாம்.
4. முகத்தைத் தொடுவது. திரையில் முகம் இருக்கும் இடத்தை ஒருமுறை தொட்டால், ஃபோகஸும் வெளிச்சமும் அதற்கேற்ப மாறும்.
5. ஜூமைக் குறைப்பது. விரலால் இழுத்துப் பெரிதாக்கும்போது பெரும்பாலும் படத்தின் நடுப்பகுதியைத்தான் போன் வெட்டிப் பெரிதாக்குகிறது. நடந்து பக்கத்தில் போக முடிந்தால் நல்லது. முட்டி வலி இருந்தால், எடுத்துவிட்டு அப்புறம் கிராப் செய்யலாம்.

வயதான பிறகு கற்க முடியுமா? ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் (டல்லஸ்) உளவியலாளர் டெனிஸ் பார்க் தலைமையிலான குழு நடத்திய 'சினாப்ஸ்' ஆய்வு 2014-ல் சைக்கலாஜிக்கல் சயின்ஸ் இதழில் வெளியானது. 60 முதல் 90 வயது வரையிலான 221 பேர் அதில் பங்கேற்றனர். சிலர் டிஜிட்டல் போட்டோகிராஃபி கற்றார்கள். சிலர் துணிகளை ஒட்டுத் தைக்கும் குயில்டிங், சிலர் இரண்டையும். மற்ற குழுக்கள் பேசிப் பழகுவது, வீட்டில் இருந்தபடி எளிய வேலைகள் செய்வது என்று நேரத்தைக் கழித்தன. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, புதிய திறனைக் கற்றவர்கள், குறிப்பாக போட்டோகிராஃபி கற்றவர்கள், நினைவாற்றல் தேர்வுகளில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 15 மணி நேரத்துக்கு மேல் பயின்றார்கள். கேமராவோடு, படங்களைத் திருத்தும் மென்பொருளையும் கற்றார்கள். 'போட்டோ எடுத்தால் மறதி வராது' என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால், 70 வயதிலும் கடினமான புதிய திறனைக் கற்க முடியும் என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

ஜப்பானின் குமாமோட்டோவைச் சேர்ந்த கிமிகோ நிஷிமோட்டோ போட்டோகிராஃபி கற்கத் தொடங்கியது 72 வயதில். வேடிக்கையான சுயபடங்களால் உலகம் முழுவதும் தெரிந்தவரானார். அவருக்குக் கற்றுத்தந்தது அவருடைய மகன் நடத்திய வகுப்பு.

பூவும் பேரனும் மட்டும்தானா?

இல்லை. மத்திய அரசு ஓய்வூதியதாரர்கள் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். இதற்கான 'ஜீவன் பிரமாண்' டிஜிட்டல் முறை 2014-ல் வந்தது. 2021 நவம்பரில், போன் கேமராவில் முகத்தைக் காட்டியே சான்றிதழ் பெறும் வசதி சேர்ந்தது. கைரேகை தேய்ந்துபோய் இயந்திரத்தில் பதியாத முதியவர்களுக்கு இது பெரிய விஷயம். போனைக் கண் மட்டத்தில் அசையாமல் பிடிப்பது, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருவது: மேலே சொன்ன அதே பழக்கங்கள்தான் இதற்கும் தேவை. மருத்துவருக்கு ரிப்போர்ட்டை அனுப்பும்போதும் அப்படியே.

எடுத்த படங்கள் எங்கே போகின்றன?

கூகுள் போட்டோஸில் வரம்பில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'மீடியா விசிபிலிட்டி'யை ஆஃப் செய்துவிட்டால், புதிதாக வரும் 'குட் மார்னிங்' படங்கள் கேலரியில் வந்து குவியாது. முக்கியமான படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'எச்டி' தேர்வு செய்யச் சொல்லுங்கள். அசல் தரம் வேண்டுமானால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பலாம்.

"தப்பா எதையாவது அழிச்சிட்டா?" என்ற பயம் பலருக்கு உண்டு. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் அழிக்கப்பட்டாலும் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். ஒரு படத்தை அவர்களையே அழிக்க வைத்து, அவர்களையே மீட்க வைத்துப் பாருங்கள். அந்தப் பயம் போனால்தான் தாங்களாகத் துணிந்து தொட்டுப் பார்ப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

போனை வாங்காதீர்கள். பாடம் முடியும்வரை அது அவர்கள் கையிலேயே இருக்கட்டும். உங்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாயால் மட்டும் சொல்லுங்கள். நேரம் ஆகும். பரவாயில்லை, உங்களுக்கு சைக்கிள் கற்றுத்தரும்போதும் அவர்களுக்கு நேரம் ஆனது. படிகளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.

அடுத்த முறை பிரம்மகமலம் பூக்கும்போது நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள். போனை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்து, டைமர் போட்டு, கையை எடுத்துவிட வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.