விடுமுறையில் உருவான ராங்லர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு மூன்று பருவங்களே பாடம் நடந்தது. ஜூனில் தொடங்கி அக்டோபரில் முடிந்த கோடைக்காலத்துக்கு ‘நீண்ட விடுமுறை’ என்றே பெயர். பல்கலைக்கழகத்தின் கணக்கில் அது வெற்றுக் காலம். அப்போது பேராசிரியர்கள் விரிவுரை ஆற்ற வேண்டியதில்லை, மாணவர்கள் கல்லூரியில் தங்க வேண்டியதில்லை. ஆயினும் கணிதத்தில் சிறப்புப் பட்டம் பெற விரும்பியவர்களுக்கு ஆண்டின் பளுவான உழைப்பு அந்த மாதங்களில்தான் காத்திருந்தது. பருவங்களில் கேட்டதைவிட விடுமுறைகளில் படித்ததே அவர்களுடைய தரவரிசையைத் தீர்மானித்தது என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

அந்தத் தரவரிசையை வழங்கிய தேர்வின் பெயர் ட்ரைபாஸ். பட்டம் பெற வந்தவரோடு லத்தீனில் வாதிடுவதற்கென்று நியமிக்கப்பட்டவர் முற்காலத்தில் ஒரு முக்காலியில் அமர்ந்திருந்தார். வாய்மொழி வாதம் படிப்படியாக மறைந்து எழுத்துத் தேர்வு நிலைபெற்ற பிறகும் முக்காலியின் பெயர் தேர்வின்மேல் ஒட்டிக்கொண்டது. முதல் வகுப்பில் தேறியவர்களை வாதிடுவோர் என்ற பொருளில் ராங்லர்கள் என்றும், அவர்களுள் முதலிடம் பெற்றவரைச் சீனியர் ராங்லர் என்றும் அழைத்தார்கள். இரண்டாம் வகுப்பினர் சீனியர் ஆப்டிம்கள், மூன்றாம் வகுப்பினர் ஜூனியர் ஆப்டிம்கள். பட்டியலின் கடைசிப் பெயருக்கு உரியவருக்கு நண்பர்கள் ஒரு மரக்கரண்டியைப் பரிசளித்துக் கேலி செய்வதும் வழக்கமாக இருந்தது. 1874இல் ராங்லரான முதல் இந்தியர் ஆனந்த மோகன் போஸ். 1899இல் சீனியர் ராங்லர் இடத்தை மற்றொருவருடன் பகிர்ந்துகொண்ட ஆர்.பி. பராஞ்ச்பேயின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இந்தியாவில் ஒரு பட்டம் போலவே நிலைத்துவிட்டது.

தேர்வின் கடுமையை உணர்த்த 1854ஆம் ஆண்டின் கணக்கு ஒன்றே போதும்: எட்டு நாட்களில் 16 தாள்கள், நாற்பத்து நாலரை மணி நேரம், 211 வினாக்கள். மாணவர் பத்துப் பருவங்களை முடித்தபின், நான்காம் ஆண்டின் ஜனவரிக் குளிரில் செனட் மாளிகையில் அதை எழுத வேண்டும் என்பதால், சேர்க்கைக்கும் தேர்வுக்கும் இடையில் அவருக்கு மூன்று நீண்ட விடுமுறைகள் கிடைத்தன. அவற்றுள் மூன்றாவது, தேர்வுக்கு முன் தடையின்றிப் படிப்பதற்குக் கிடைத்த கடைசி நெடும்பொழுது.

பல்கலைக்கழகம் தான் வைத்த தேர்வுக்குத் தானே முறையாகப் பயிற்சி தராததால்தான் விடுமுறைக்கு இவ்வளவு கனம் ஏற்பட்டது. பேராசிரியர்களின் விரிவுரைகளுக்கும் வினாத்தாள்களுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. கல்லூரி ஆசிரியர்களோ திறமையில் மிகவும் வேறுபட்ட மாணவர்களை ஒரே வகுப்பில் உட்கார்த்தி மெதுவாக நடத்தினார்கள். இந்த இடைவெளியில் நுழைந்தவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு தனியே கற்பித்த பயிற்றாசிரியர்கள். அவர்களைத் தடுக்கப் பல்கலைக்கழகம் முயன்றது. தேர்வுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் தனி ஆசிரியரிடம் படித்தவருக்குச் சிறப்புப் பட்டம் கிடையாது என்று 1781இல் விதித்தது. விதி ஏட்டில் இருந்தது, படிப்பு வெளியே நடந்தது. 1824இல் தடைக்காலம் ஆறு மாதமாகச் சுருங்கி, பிறகு பேச்சற்றுப் போயிற்று. இதற்கிடையே சார்லஸ் பாபேஜ், ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் ஆகியோர் மாணவப் பருவத்தில் 1812இல் தொடங்கிய பகுப்பாய்வுக் கழகம் ஐரோப்பியக் கண்டத்தின் நுண்கணித முறையை உள்ளே கொண்டுவர முயன்றது. 1817இல் தேர்வாளர் பொறுப்பேற்ற பீகாக், நியூட்டனின் புள்ளிக் குறியீட்டை விட்டு லைப்னிட்சின் குறியீட்டில் வினாக்களை அமைத்தார். பாடப்பரப்பு அகன்றதும் பயிற்றாசிரியர் இல்லாமல் முன்னிடம் பெறுவது அநேகமாக முடியாததாயிற்று.

அவர்களுக்கு மாணவர் வழக்கில் அமைந்த பெயர் ‘கோச்’. ஏறி உட்கார்ந்தால் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும் குதிரை வண்டியின் பெயரைத் தேர்வின் அக்கரைக்குக் கொண்டு சேர்ப்பவருக்குச் சூட்டிய பரிகாசம் அது. இன்று தமிழகத்துக் கடைத்தெருக்களில் பெயர்ப்பலகையாகத் தொங்கும் ‘கோச்சிங்’ அந்த வண்டியின் வழிவந்ததே.

இந்தத் தொழிலை ஒரு கலையாக்கியவர் வில்லியம் ஹாப்கின்ஸ் (1793–1866). விவசாயத்தில் தோற்று, ஏறத்தாழ முப்பது வயதில் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்து, 1827இல் ஏழாம் ராங்லராகத் தேறிய அவர் மணமானவர். கல்லூரியின் ஃபெல்லோ பதவிகள் மணமாகாதவர்களுக்கே உரியவை என்பதால், பயிற்றுவிப்பு அவருக்குப் பிழைப்பாயிற்று. 1849க்குள் அவரிடம் படித்து ராங்லரானவர்கள் ஏறத்தாழ இருநூறு பேர். அவர்களுள் 17 பேர் சீனியர் ராங்லர்கள். ஸ்டோக்ஸ், கேலி, வில்லியம் தாம்சன், டெய்ட், மாக்ஸ்வெல் என்று நீளும் அவருடைய மாணவர் வரிசை, பிரிட்டனின் கணித இயற்பியல் வரலாற்றின் பொருளடக்கம் போலவே இருக்கிறது.

விடுமுறை வந்ததும் ஓர் ஆசிரியரும் சில மாணவர்களும் கேம்பிரிட்ஜை விட்டுக் கடற்கரைக்கோ மலைநாட்டுக்கோ போய், வாடகை அறைகளில் தங்கி, காலையில் கணக்கும் மாலையில் நடையுமாகக் கழித்த வழக்கத்தைப் படிப்புக் குழு எனலாம். 1844இல் தாம்சன் ஹாப்கின்ஸின் குழுவோடு நார்ஃபோக் கடற்கரையில் உள்ள குரோமரில் கோடையைக் கழித்தார். 1842இல் சீனியர் ராங்லரான ஆர்தர் கேலி, அதே ஆண்டின் கோடையில் ஸ்காட்லாந்தின் அபர்ஃபெல்டிக்குத் தாமே ஒரு குழுவுக்கு ஆசிரியராகச் சென்றார். அங்கே அவரிடம் படித்தவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் கால்டன், அதற்கு முந்தைய கோடையை ஏரிநாட்டின் கெஸ்விக்கில் இன்னொரு குழுவோடு கழித்தவர். இரண்டு கோடைகள் உழைத்தும் மூன்றாம் ஆண்டில் உடல்நலம் குலைந்து, சிறப்புப் பட்டத்தைக் கைவிட்டுச் சாதாரணப் பட்டத்தோடு வெளியேறினார். இத்தகைய சரிவு கால்டனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1853 கோடையில் மாக்ஸ்வெல்லும் சஃபோக்கில் ஒரு நண்பரின் உறவினர் வீட்டில் நோயுற்றுப் படுத்தார். அன்றாட நடையும் படகு வலித்தலும் படிப்பின் பகுதியாகவே வற்புறுத்தப்பட்டதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

படிப்புக் குழுக்களின் தோல்விக் கணக்கில் ஒரு பெரிய பெயரும் உண்டு. 1828 கோடையில் சார்லஸ் டார்வின் தனி ஆசிரியர் ஒருவரோடு வேல்ஸின் பார்மத் கடற்கரைக்குக் கணிதம் படிக்கச் சென்றார். இயற்கணிதத்தின் தொடக்கப் படிகளில் அவருக்குப் பொருளே தென்படவில்லை, வேலை கசந்தது. நாட்கள் மலையேற்றத்திலும் வண்டு சேகரிப்பிலும் கரைந்தன. கணிதத்தின் அடிப்படைகளையேனும் விளங்கிக்கொள்ளும் அளவுக்கு முன்னேறாமல் விட்டதற்காக அவர் முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் வருந்தியிருக்கிறார். பார்மத்தின் வண்டுகள் உயிரியலுக்குச் செய்த உதவியை எண்ணும் வாசகர் அந்த வருத்தத்தை முழுமையாகப் பகிர்ந்துகொள்ளத் தயங்கலாம்.

சேர்க்கைக்கு முந்தைய கோடைகளும் எல்லோருக்கும் ஒன்றுபோல் அமையவில்லை. தாம்சனும் டெய்ட்டும் மாக்ஸ்வெல்லும் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே படித்து, கேம்பிரிட்ஜுக்குப் பாதி தயாராகவே வந்தவர்கள். கிளாஸ்கோவில் கணிதப் பேராசிரியராக இருந்த தாம்சனின் தந்தை, 1840இல் பிள்ளைகளை ஜெர்மன் கற்பதற்காக ஜெர்மனிக்கு அழைத்துச் சென்றார். மற்ற வேலைகளை வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் வெப்பப் பரவல் பற்றிய ஃபூரியேயின் நூலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்த பதினாறு வயது மகன், பிராங்ஃபர்ட்டில் நிலவறைக்குள் ஒளிந்து அதைப் படித்தான். எடின்பரோவின் கணிதப் பேராசிரியர் கெல்லண்ட் ஃபூரியேயைப் பிழையென்று எழுதியிருந்தது தவறு என்று அந்தக் கோடையில் அவனுக்குத் தெளிவாயிற்று. அதை நிறுவிய கட்டுரை ‘பி.கியூ.ஆர்.’ என்ற புனைபெயரில் 1841இல் கேம்பிரிட்ஜ் கணித இதழில் வெளிவந்தது. தாம்சன் மாணவராகப் பீட்டர்ஹவுஸில் சேர்ந்தது அதன் பிறகே. அத்தகையவர் 1845இல் இரண்டாம் ராங்லராகத்தான் வர முடிந்தது என்பது, ட்ரைபாஸ் அளந்தது கண்டுபிடிக்கும் ஆற்றலை அன்று, பயின்ற கையின் வேகத்தை என்பதற்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

அந்த வேகத்தை ஓர் ஆலையின் ஒழுங்கோடு உற்பத்தி செய்தவர் எட்வர்ட் ரவுத். 1854இல் மாக்ஸ்வெல்லை இரண்டாமிடத்துக்குத் தள்ளிய சீனியர் ராங்லர் அவர். 1862 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இடைவிடாமல் சீனியர் ராங்லர்கள் அனைவரும் அவருடைய மாணவர்களாகவே இருந்தனர். சிறு சிறு வகுப்புகள், அவர் கைப்பட எழுதி வைத்த குறிப்புகளை மாணவர் படியெடுத்துக்கொள்ளும் முறை, வாரந்தோறும் தேர்வுக் கெடுவுக்குள் தீர்க்க வேண்டிய கணக்குத் தாள் ஆகியவை அவருடைய கருவிகள். மலையும் கடலும் இந்த ஏற்பாட்டுக்குத் தேவைப்படவில்லை. நீண்ட விடுமுறையின் ஒரு பகுதியில் மாணவர்கள் கேம்பிரிட்ஜுக்கே திரும்பி வந்து ரவுத்தின் வகுப்பில் உட்கார்ந்தார்கள். படிப்புக் குழுவின் பழைய தளர்வு போய், கோடை நான்காவது பருவமாகவே மாறியது.

இந்த உலகின் ஓர் ஓரத்தில், லண்டனில் தனிப் பயிற்சி நடத்திப் பிழைத்த ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் இருந்தார். நாற்பதை நெருங்கிய வயதில் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்த அவர் 1880இல் பன்னிரண்டாம் சீனியர் ஆப்டிமாகத் தேறினார். அதே ஆண்டில் தம் பயிற்சிக் குறிப்புகளிலிருந்து வளர்ந்த ‘சினாப்சிஸ்’ நூலின் முதற்பகுதியை வெளியிட்டார். தூய கணிதத்தின் முடிவுகளை எண்ணிட்டு அடுக்கி, நிறுவல்களை ஓரிரு வரிக் குறிப்பாக மட்டும் தரும் அத்தொகுப்பு, தேர்வுக்கு முன் திருப்பிப் பார்ப்பதற்கான கருவியே. 1903 வாக்கில் கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்தின் படி ஒன்று, பள்ளிப்படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த சீனிவாச ராமானுஜனின் கைக்கு எட்டியது. மறந்ததை நினைவூட்டுவதற்காக எழுதப்பட்ட முடிவுகளை, அவற்றை ஒருபோதும் கற்றிராத அவர் ஒவ்வொன்றாகத் தாமே நிறுவத் தொடங்கினார். நிறுவலைச் சொல்லாமல் முடிவை மட்டும் எழுதிவைக்கும் அவருடைய குறிப்பேடுகளின் நடையில் காரின் சாயல் படிந்திருக்கிறது. 1904இல் உதவித்தொகையோடு கல்லூரியில் சேர்ந்தவர், மற்றப் பாடங்களைப் புறக்கணித்ததால் அதை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை.

அவரை 1914இல் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஜி.எச். ஹார்டி, 1898இல் நான்காம் ராங்லரானவர். புகழ்பெற்ற பயிற்றாசிரியர் வெப்பிடம் அனுப்பப்பட்டபோது கணக்குத் தீர்க்கும் உத்திகளின் வெறுமை தாங்காமல் வரலாற்றுப் படிப்புக்கு மாறவும் எண்ணிய அவரை, ஏ.இ.எச். லவ் பரிந்துரைத்த ஜோர்டானின் பிரெஞ்சு நூலே கணிதத்தில் நிறுத்தியது. தரவரிசையை ஒழிக்க வாதாடியவர்களுள் ஹார்டி முன்னணியில் நின்றார். 1909இல் வெளியானதே இடவாரியான கடைசிப் பட்டியல். அத்தோடு பயிற்றாசிரியர்களின் சந்தையும் படுத்துவிட்டது. ஹார்டிக்கு அதுவும் போதவில்லை. 1926இல் ட்ரைபாஸையே முற்றாக ஒழிக்க வேண்டும் என்று கணிதச் சங்கத்தின் தலைமையுரையில் வாதிட்டார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1916 மார்ச்சில், மிகு பகு எண்கள் பற்றிய ஆய்வுக்காக ராமானுஜனுக்குக் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் வழங்கியிருந்தது. ட்ரைபாஸின் ஒரு தாளையும் அவர் எழுதியிருக்கவில்லை.