ஹோபார்ட்டில் பிறந்த ஒரு டிஎல்எல்

1992 ஏப்ரலில் கடைக்கு வந்த விண்டோஸ் 3.1-இல் ட்ரூடைப் எழுத்துருக்கள் இருந்தன, சாலிட்டேர் இருந்தது. இணையத்தோடு பேசும் வழி மட்டும் இல்லை. மோடம் வாங்கலாம், தொலைபேசி இணைப்பு இழுக்கலாம், சேவை நிறுவனத்தில் கணக்கும் தொடங்கலாம். ஆனாலும் மொசைக் உலாவி ஒரு பக்கத்தைக்கூடக் காட்டாது. இணையம் பேசும் டிசிபி/ஐபி நெறிமுறையை அந்த விண்டோஸ் அறியாது. அந்த இடைவெளியை அடைத்து, பல நாடுகளைச் சுற்றி, சில ஆண்டுகளிலேயே வேலையில்லாமல் போன மென்பொருளின் பெயர் ட்ரம்பெட் வின்சாக்.

அது பிறப்பதற்கு முன்பே அதன் கோப்பின் பெயரும் உருவமும் தீர்மானமாகிவிட்டன. விண்டோஸுக்கு டிசிபி/ஐபி விற்ற நிறுவனங்கள் அப்போதும் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. 1991-இல் அமெரிக்காவில் நடந்த இன்டராப் மாநாட்டில் இதற்கு ஒரு பொது விதி வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1993 ஜனவரியில் அந்த விதி விண்டோஸ் சாக்கெட்ஸ் 1.1 (சுருக்கமாக வின்சாக்) என்று வெளியானது. யார் தயாரித்தாலும் கோப்பின் பெயர் வின்சாக்.டிஎல்எல், உள்ளே இருக்கும் அழைப்புகளின் பெயர்களும் ஒன்றே. எந்தக் கம்பெனி பல்பும் எந்த ஹோல்டரிலும் பொருந்துவதுபோல, எந்த உலாவியும் எந்த வின்சாக்கிலும் ஓட வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த ஹோல்டருக்கு உலகமே கொண்டாடிய பல்பைச் செய்தவர் பீட்டர் டாட்டம். ஆஸ்திரேலியாவின் தெற்கே டாஸ்மேனியத் தீவில், ஹோபார்ட் நகரில் உள்ள பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் நிரலாளராக இருந்தவர். டாஸ் இயங்குதளத்துக்கு ட்ரம்பெட் என்ற செய்திக்குழு வாசிப்பானை முன்பே எழுதியிருந்தார். அந்தப் பெயரையே வின்சாக்குக்கும் வைத்தார். 1994-இல் அது ஷேர்வேராகப் பரவத் தொடங்கியது: முப்பது நாள் ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் 25 டாலர் அனுப்ப வேண்டும்.

ஒரே ஃப்ளாப்பியில் அடங்கிவிடும் பொருள். ஆனால் அது செய்த வேலை எளிதல்ல. விண்டோஸ் 3.1-இல் ஒரு நிரல் தானாக வழிவிட்டால்தான் அடுத்தது ஓடும். வலையமைப்பு வேலையோ பாதி நேரம் காத்திருப்பு. பதில் வரும்வரை ஒரு நிரல் அடம்பிடித்து நின்றால் திரை முழுக்க உறைந்துவிடும். அதனால் ‘தரவு வந்ததும் சொல்லு’ என்று நிரல் கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்க, வந்ததும் ஒரு விண்டோஸ் செய்தியாக அதற்குத் தகவல் போகும்படி விதி வகுத்திருந்தார்கள். டாட்டம் அதை ஒழுங்காகச் செய்துகாட்டினார்.

நிறுவுவதற்குப் பொறுமை வேண்டும். கோப்புகளை ஒரு கோப்புறையில் போட்டு, அதன் பாதையை ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் சேர்த்து, கணினியை மறுபடி இயக்க வேண்டும். டிசிபிமேன் என்ற நிரலைத் திறந்தால் ஐபி முகவரி, நெட்மாஸ்க், பெயர் வழங்கி, கேட்வே என்று வரிசையாகக் கட்டங்கள். எம்எஸ்எஸ் என்ற கட்டத்தில், ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியூவைவிட 40 குறைத்து எழுத வேண்டும். ஐபிக்கு 20, டிசிபிக்கு 20 என்று தலைப்புகளே 40 பைட்டை எடுத்துக்கொள்கின்றன. பிறகு மோடம் எந்த காம் போர்ட்டில், எந்த வேகத்தில் என்பது. பழைய 8250 சிப் ஒரு நேரத்தில் ஒரு பைட்டைத்தான் வைத்திருக்கும். விண்டோஸ் எடுக்கத் தாமதித்தால் அடுத்த பைட் அதன்மேல் வந்து விழும். 16 பைட் தாங்கும் 16550ஏ உள்ளவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

கடைசிச் சிக்கல் லாகின்.சிஎம்டி. எண்ணைச் சுழற்று, எதிர்முனை ‘லாகின்’ என்று கேட்கும்வரை காத்திரு, பெயரைக் கொடு என்று வரிவரியாக எழுதிய சிறு நிரல் அது. எதிர்முனை ‘யூசர்நேம்’ என்று கேட்டுவிட்டால் வராத சொல்லுக்காகக் காத்திருந்து இணைப்பு முறியும். அதனால் சேவை நிறுவனங்கள் தங்கள் முறைக்கேற்ற லாகின்.சிஎம்டியை எழுதி, ட்ரம்பெட்டோடு ஃப்ளாப்பியில் போட்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தன. பரவலுக்கு அதுவே வழி. வருமானம் கசிந்த ஓட்டையும் அதுவே. மாதக் கட்டணத்தில் இதுவும் அடக்கம் என்று வாங்கியவர் நினைக்க எல்லா நியாயமும் இருந்தது.

ஆஸ்திரேலியாவிலேயே ஓஸ்ஈமெயில் என்ற நிறுவனம் கணினி இதழ்களோடு வந்த வட்டுகளில் இதைச் சேர்த்து விநியோகித்தது. டாட்டம் தரப்பு தொடுத்த வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. ஷேர்வேரைப் பிறருக்குத் தரலாம் என்ற மறைமுக அனுமதி உண்டு. ஆனால் கோப்புகளை மாற்றாமல் முழுதாகத் தர வேண்டும் என்பதும் அதில் அடங்கும் என்று 1996-இல் தீர்ப்பு வந்தது. ஓஸ்ஈமெயில் அப்படித் தராததால் பதிப்புரிமை மீறல் உறுதியானது.

தீர்ப்பு வருவதற்குள் சந்தையே மாறிவிட்டது. 1995 ஆகஸ்ட் 24 அன்று வந்த விண்டோஸ் 95-இல் டிசிபி/ஐபியும் டயல்-அப் வசதியும் கூடவே வந்தன. புதிய விண்டோஸிலும் ஒரு வின்சாக்.டிஎல்எல் இருந்தது, அதே பெயர், அதே அழைப்புகள். நெட்ஸ்கேப் உலாவிக்குத் தனக்குக் கீழே இருப்பது மாறியதே தெரியவில்லை. டாட்டம் என்ற தனிமனிதரைப் பெரிய நிறுவனங்களின் வரிசையில் உட்காரவைத்த பொதுவிதியே, அவரை ஓசையில்லாமல் எழுப்பிவிடவும் உதவியது. எளிதில் பொருத்தக்கூடியது எளிதில் கழற்றவும் கூடியது. பல்பு மாறினாலும் வெளிச்சம் வந்துகொண்டிருந்தால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

2011-இல் சிலர் பார்த்தார்கள். அத்தனை பேர் பயன்படுத்தியும் டாட்டமுக்குக் கிடைத்தது சொற்பம் என்ற செய்தி பரவ, அந்நாளில் காசு கட்டாமல் ஓட்டியவர்கள் பலர் பேபால் வழியாகப் பணம் அனுப்பினார்கள்.

இன்று பழைய கணினி ஆர்வலர்கள் எமுலேட்டரில் விண்டோஸ் 3.1-ஐ ஏற்றி, என்இ2000 வலையமைப்பு அட்டைக்கான பாக்கெட் டிரைவரையும் வின்பிகேடியையும் ஓட்டி, டிசிபிமேனில் வீட்டு ரவுட்டரின் முகவரியைக் கேட்வேயாக எழுதுகிறார்கள். டெல்நெட் போகிறது, ஐஆர்சி அரட்டை போகிறது, பூட்டில்லாத பழைய பாணி வலைப்பக்கங்களும் திறக்கின்றன. இன்றைய வலைத்தளங்கள் பெரும்பாலும் திறப்பதில்லை. மறையாக்கம் தெரியாத பழைய உலாவி அங்கே தோற்கிறது. அது ட்ரம்பெட்டின் கணக்கில் வராத தோல்வி. பாக்கெட்டை அனுப்பு, பதிலை வாங்கு என்று அதற்கு இட்ட வேலையில் இன்றும் குறையில்லை.